நீர்மட்டத்தைப் பார்க்காமல் படித்த அறிக்கை: ஒரு பெட்ரோல் பங்க் நிலத்தடி நீர்க் கண்காணிப்பின் கதை

பின்னணி

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த பெட்ரோல் பங்க் அது. தரைக்கு அடியில் மூன்று டேங்குகள்: இரண்டில் பெட்ரோல், ஒன்றில் டீசல். ஒவ்வொரு டேங்குக்குள்ளும் மூழ்கியிருக்கும் பம்பு எரிபொருளை அழுத்தத்தோடு குழாயில் தள்ளும். தரையில் முதல் 2 மீட்டர் கொட்டி நிரப்பிய மண், அடுத்து 4 மீட்டர் ஆழம் வரை களிமண் கலந்த மணல், அதற்குக் கீழே நல்ல மணல். கோடையில் தண்ணீர் கிட்டத்தட்ட 6 மீட்டரில் கிடக்கும்.

பங்கின் பின்சுவரைத் தாண்டி ஒரு வீடு. அங்கே பழைய திறந்த கிணறு ஒன்று இருந்தது. குடிக்கக் குழாய்த் தண்ணீர். துவைக்கவும் செடிகளுக்கும் கிணற்றுத் தண்ணீர். அந்த வீட்டுப் பெரியம்மாதான் முதலில் சொன்னவர். காலையில் மூடியைத் தூக்கியதும் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசம் வருகிறது, கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது என்றார். மோட்டாரில் எண்ணெய் கசிகிறது என்று மகன் நினைத்தார். மோட்டாரை மாற்றினார்கள். வாசம் போகவில்லை. அதன் பிறகே பங்க் உரிமையாளரிடம் பேச்சு போய், அவர் என்னை அழைத்தார். நிலத்தடி நீர் ஆய்வு என் தொழில்.

மூடியை நானும் திறந்து பார்த்தேன். ஒரு மூச்சு அளவுக்குத்தான் வாசம் இருந்தது. "பொய் சொல்றேன்னு நெனச்சிடாதீங்க தம்பி, நீங்க வர்றதுக்குள்ள காத்து அடிச்சிட்டுப் போயிடுச்சு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மூடி போட்ட கிணற்றில் இரவெல்லாம் ஆவி சேரும், திறந்ததும் கலைந்துவிடும். காலையில் முதல் ஆளாகத் திறப்பவருக்கு மட்டுமே தெரிகிற அடையாளம் அது.

ஸ்டாக் புத்தகத்தில் தெரிந்தது

தோண்டும் முன் கணக்கைப் பார்ப்பது என் வழக்கம். மேலாளர் மூன்று ஆண்டுப் புத்தகங்களை எடுத்து வைத்தார். தினமும் காலை டிப் ராடு விட்டு அளந்த இருப்பு, வந்த லோடு, மீட்டர்படி விற்பனை, வித்தியாசம், எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. "தினம் பத்து லிட்டர் கூடும், குறையும் சார், வெயிலுக்கு அப்படித்தான்" என்றார்.

அவர் சொன்னதிலும் உண்மை உண்டு. பெட்ரோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கும். 10,000 லிட்டர் 10 டிகிரி குளிர்ந்தால் 100 லிட்டர் காணாமல் போனதுபோல் தெரியும். டிப் ராடும் அவ்வளவு நுணுக்கமான கருவி இல்லை. 2.1 மீட்டர் விட்டமும் 6 மீட்டர் நீளமும் உள்ள படுக்கை டேங்கில், பாதி நிறைந்திருக்கும்போது ராடில் ஒரு மில்லிமீட்டர் என்பது 12 லிட்டருக்கு மேல். ஒரு நாளில் 10 லிட்டர் கசிந்தாலும் ராடில் அது ஒரு கோடு கூட இல்லை.

ஆனால் வெயிலால் வரும் வித்தியாசம் இரண்டு பக்கமும் போகும். மாதக் கணக்கில் கூட்டினால் பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் மூன்று டேங்குகளுக்கும் மாத மொத்தத்தைத் தனித்தனியாகக் கூட்டினேன். முதல் டேங்கும் டீசல் டேங்கும் பூஜ்யத்தைச் சுற்றியே ஆடின. இரண்டாவது பெட்ரோல் டேங்கு மட்டும் இரண்டரை ஆண்டுகளாக ஒரே திசையில் குறைந்துகொண்டே வந்திருந்தது. தொடக்கத்தில் மாதத்துக்கு 60 லிட்டர் அளவு. கடைசி ஆறு மாதம் 300 லிட்டரைத் தொட்டது. மொத்தம் ஏறத்தாழ 3,200 லிட்டர்.

இன்னொன்றும் தெரிந்தது. விற்பனை அதிகமான மாதங்களில் குறைவும் அதிகம். ஒரு முறை அந்த டேங்கின் பம்பு பழுதாகி ஒரு வாரம் நின்றபோது குறைவே இல்லை. டேங்கில் ஓட்டை என்றால் விற்றாலும் விற்காவிட்டாலும் கசியும். விற்பனையோடு சேர்ந்து குறைந்தால் காரணம் இரண்டில் ஒன்று: மீட்டர் கூடுதலாக ஊற்றுகிறது, அல்லது பம்பு ஓடும்போது மட்டும் அழுத்தம் ஏறும் குழாயில் கசிவு. 5 லிட்டர் அளவுக்கலத்தில் பலமுறை பிடித்துப் பார்த்தோம். கடைசி மாதங்களின் குறைவுக்கு மீட்டர் காரணமாக இருந்தால் ஒவ்வொரு 5 லிட்டருக்கும் 25 மில்லி கூடியிருக்க வேண்டும். 5 மில்லிக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. குழாயில் அழுத்தச் சோதனை செய்தபோது அழுத்தம் நிற்கவில்லை.

வண்டிக்கு எரிபொருள் ஊற்றும் இயந்திரமான டிஸ்பென்சரின் அடித்தட்டைக் கழற்றி டார்ச் அடித்தோம். வளையும் இணைப்புக் குழாயின் கழுத்திலிருந்து பெட்ரோல் மெல்லிய நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. பம்பை நிறுத்தச் சொன்னேன். ஒழுகலும் நின்றது. கீழே பிடிதொட்டி எதுவும் இல்லை, வெறும் மண். மேலாளர் வெகுநேரம் குனிந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு வரும் முன் எடுத்த முடிவுகள்

அந்தக் குழாய் அன்றே மூடப்பட்டது. கழுத்தைச் சுற்றி ஊறியிருந்த மண்ணையும் தோண்டி அப்புறப்படுத்தினார்கள். அந்த வீட்டுக்கு எப்போது சொல்வது என்பதில்தான் பேச்சு நீண்டது. ஆய்வக முடிவு வந்த பிறகு சொல்லலாம் என்று உரிமையாளர் கேட்டார்; பயமுறுத்திவிடக் கூடாது என்ற அவர் கவலை எனக்கும் புரிந்தது. ஆனாலும் உடனே சொல்ல வேண்டும் என்றேன். பெட்ரோலில் நாம் அதிகம் அஞ்சுவது பென்சீனுக்கு. அது புற்றுநோய் தரும் பொருள். குடிநீரில் அதற்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். தண்ணீரில் கரைந்த பென்சீன் தனியாக மூக்குக்குத் தெரியத் தொடங்குவது அதைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கில். வாசம் லேசாக இருக்கிறது, அதனால் ஆபத்தும் லேசாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வழியே இல்லை.

அதனால் அன்று மாலையே போய்ச் சொன்னோம். கிணற்றுத் தண்ணீரை எதற்கும் எடுக்க வேண்டாம், செலவுக்கான தண்ணீரைப் பங்க் கொண்டுவந்து தரும், மூடியைத் திறந்து வையுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் அளவு சேர்ந்தாலே தீப்பிடிக்கும். கிணற்றுக்குள் ஆவியை அளக்கும் கருவியான அளவியை விட்டுப் பார்த்தோம். அந்த எல்லைக்கு வெகு கீழேதான் காட்டியது. என்றாலும் மோட்டார் சுவிட்சைக் கிணற்றடியிலிருந்து வீட்டுச் சுவருக்கு மாற்றச் செய்தோம்.

கண்காணிப்புக் கிணறுகள்

தண்ணீர் மட்டத்தை அளக்கவும் மாதிரி எடுக்கவும் நான்கு குழாய்க் கிணறுகள் போட்டோம். கி-1, நீரோட்டத்துக்கு மேற்புறம். கி-2, கசிந்த இடத்தின் அருகே. கி-3, பின்சுவரை ஒட்டி. கி-4, சுவருக்கு வெளியே, வீட்டுக் கிணற்றுக்குப் போகும் வழியில். வாய் மட்டங்களைச் சர்வே செய்து தண்ணீர் மட்டங்களை ஒப்பிட்டதில் சரிவு ஆயிரம் மீட்டருக்கு 4 மீட்டர்; திசை நேராக அந்த வீட்டை நோக்கி. அந்த மணல் தண்ணீரைக் கடத்தும் திறன் நாளுக்கு 5 மீட்டர், அதில் தண்ணீர் ஓடும் நுண்துளைகளின் பங்கு கால் என்று வைத்து, சரிவோடு சேர்த்துக் கணக்கிட்டால் தண்ணீர் நாளுக்கு 8 சென்டிமீட்டர், ஆண்டுக்கு 29 மீட்டர் நகரும். கசிவிலிருந்து கிணறு 62 மீட்டர். ஸ்டாக் புத்தகம் சொன்ன இரண்டரை ஆண்டோடு இது பொருந்தியது.

இங்கே ஒரு முடிவை நான் எடுத்தேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் வேர் என்பதால் காரணத்தையும் எழுதுகிறேன். கிணறு போட்டது கோடைக் கடைசியில், தண்ணீர் 5.8 மீட்டரில் இருந்தது. தண்ணீர் உள்ளே வரும் ஸ்லாட் குழாயை 5 மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை வைத்தேன். அதற்கு மேலே மூடிய குழாய், சுற்றிப் பென்டோனைட் என்ற, நனைந்தால் உப்பும் களிமண்ணால் அடைப்பு. பங்க் தரையில் சிந்தும் எண்ணெய் மழைநீரோடு கிணற்றுக்குள் இறங்கிவிட்டால் எல்லா அளவும் கெட்டுவிடும். அதைத் தடுக்க நீளமான அடைப்பு வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது தவறில்லை. ஆனால் ஸ்லாட்டின் மேல்விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே 80 சென்டிமீட்டர்தான் விட்டிருந்தேன். மழைக்காலத்தில் மட்டம் எவ்வளவு ஏறும் என்று அந்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

முதல் சுற்று

முதல் தொகுதி மாதிரிகள் வீணாயின. வழியில் மாசு சேர்கிறதா என்று பார்க்கக் கூடவே போய்த் திரும்பும் சுத்த நீர்க் குப்பியிலும் பெட்ரோலில் இருக்கும் டொலுவீன் இருந்தது. ஜெனரேட்டருக்கான பெட்ரோல் கேனையும் மாதிரிப் பெட்டியையும் ஒரே வண்டியில் ஏற்றியிருந்தோம். மறுபடி எடுத்தோம், இந்தத் தடவை தனி வண்டியில்.

இந்த வேலையில் கை பழக வேண்டிய இடம் குப்பி நிரப்புவது. 40 மில்லி கண்ணாடிக் குப்பி, அடியில் சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம். தண்ணீரை உள்சுவரோடு வழியவிட்டு, விளிம்புக்கு மேலே தண்ணீர் குவிந்து எழும் வரை நிரப்பி, மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். கடுகளவு குமிழி ஏறினாலும் அந்தக் குப்பி வேண்டாம். கரைந்த பென்சீன் அந்தக் குமிழிக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும்.

முடிவுகள் இப்படி வந்தன. கி-1இல் எதுவும் இல்லை. கி-2இல் தண்ணீர் மேல் 22 சென்டிமீட்டர் பெட்ரோல் மிதந்தது. அளவுநாடா எண்ணெயைத் தொட்டதும் விடாமல் ஒலித்தது, தண்ணீருக்கு இறங்கியதும் விட்டுவிட்டு ஒலித்தது. பென்சீன் கி-3இல் லிட்டருக்கு 1,400 மைக்ரோகிராம், கி-4இல் 310, வீட்டுக் கிணற்றில் 46.

கிணற்றில் 22 சென்டிமீட்டர் என்றால் நிலத்திலும் 22 என்று உரிமையாளர் எடுத்துக்கொண்டார். அப்படி இல்லை. மண்ணின் நுண்துளைகளில் எண்ணெயும் தண்ணீரும் காற்றும் கலந்து கிடக்கும். கிணறு என்பது வெறும் ஓட்டை, அதில் எண்ணெய் திரண்டு தடிமனாகக் காட்டும். நீர்மட்டத்தையும் அது அழுத்திக் கீழே தள்ளும். பெட்ரோல் தடிமனை அதன் ஒப்படர்த்தியான 0.74 ஆல் பெருக்கி, கிணற்றில் அளந்த நீர்மட்ட உயரத்தோடு கூட்டினால்தான் உண்மையான மட்டம் கிடைக்கும்.

மேற்பரப்பு எண்ணெயை மட்டும் உறிஞ்சும் பம்பைக் கி-2இல் இறக்கினோம். மழை வருவதற்குள் 380 லிட்டர் எடுத்தோம்.

மழைக்குப் பின் வந்த நல்ல செய்தி

மழைக்காலத்துக்குப் பின் எடுத்த மாதிரியில் கி-2இல் எண்ணெயே இல்லை. கி-3இல் பென்சீன் 90. கி-4இல் 12. அடுத்த சுற்றிலும் அதே நிலை. எல்லோர் முகத்திலும் நிம்மதி. இனி முடித்துக்கொள்ளலாமா என்று உரிமையாளர் கேட்டார். முடிப்பறிக்கை எழுத நானும் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக் கிணற்றில் மட்டும் 52. குறையவில்லை, கொஞ்சம் ஏறியே இருந்தது. தொலைவில் இருப்பதால் அங்கே குறைய நாளாகும் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினேன். எனக்கு வேண்டிய பதிலுக்கு ஏற்ற விளக்கம் அது.

மாதிரி எடுக்கும் இளைஞர் வரைபடத்துக்காகக் களக்குறிப்புகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். "சார், தண்ணி 3.9ல நிக்குது. ஸ்லாட் 5லதானே ஆரம்பிக்குது? அப்ப எண்ணெய் எந்த வழியா உள்ள வரும்?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. கிணற்றுப் படத்தை எடுத்து நீர்மட்டத்தைப் பென்சிலால் வரைந்தேன். ஸ்லாட்டின் மேல்விளிம்புக்கு மேலே 1.1 மீட்டர் தண்ணீர் நின்றது. அந்த உயரம் முழுவதும் மூடிய குழாய். எண்ணெய் குழாய்க்கு வெளியே மிதக்கலாம், மணலில் ஒட்டிக் கிடக்கலாம். கிணற்றுக்குள் வர வழியே இல்லை. நாங்கள் எடுத்தது அடியிலிருக்கும் சுத்தமான தண்ணீரை. குறிப்பில் இன்னொரு சாட்சியும் இருந்தது: கி-3இல் கோடையில் ஏறக்குறைய இல்லாமலிருந்த கரைந்த ஆக்சிஜன் இப்போது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல். பெட்ரோலைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அது நிறைய மிச்சமிருக்கிற தண்ணீர் வேறு அடுக்குத் தண்ணீர். வீட்டுக் கிணறோ உறையில்லாத திறந்த கிணறு, எல்லா ஆழத்திலிருந்தும் ஊறுவது. அது சரியாகச் சொன்னதைத்தான் நான் ஒரு வரியில் தள்ளிவிட்டேன்.

கணக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. போனது 3,200, எடுத்தது 380. கொஞ்சம் ஆவியாகியிருக்கும், கொஞ்சம் சிதைந்திருக்கும், கொஞ்சம் தோண்டிய மண்ணோடு போயிருக்கும். மிச்சம் எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

மறுபடி தொடங்கியது

உரிமையாளரிடம் போய், நான் சொன்னது தவறு, முடிக்க முடியாது என்றேன். அவர் கோபப்பட்டார், நியாயமான கோபம். மழைநீர் கலந்து நீர்த்துப் போனதாலும் அளவு குறைந்திருக்கலாமே என்று கேட்டார். அதுவும் நல்ல கேள்விதான். இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, அதே இடத்தில் வேறு ஆழத்தில் பார்ப்பது. கி-2, கி-3 இரண்டுக்கும் ஓரடி தள்ளி 2 மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை ஸ்லாட் உள்ள புதுக் கிணறுகள் போட்டோம். அடைப்பு குட்டையானதால் வாயைச் சுற்றிக் கான்கிரீட் மேடை கட்டி, தண்ணீர் புகாத பூட்டு மூடி போட்டோம்.

துளையிட்ட மண்ணை அரையடி அரையடியாகப் பையில் போட்டு ஆவி அளந்தோம். 3.5 மீட்டர் வரை பெரிதாக ஒன்றுமில்லை. அங்கிருந்து 6 மீட்டர் வரை அளவி எகிறியது. மண் சாம்பல் நிறம், பெட்ரோல் நெடி. ஆண்டுக்கு ஒரு முறை நீர்மட்டம் இறங்கும்போது எண்ணெயும் கூடவே இறங்கி மணலில் பூசிக்கொள்ளும். ஏறும்போது ஒரு பங்கு தண்ணீருக்கு அடியிலேயே சிக்கிக்கொள்ளும். இரண்டரை மீட்டர் தடிமனுக்கு அப்படிப் பூசியிருந்தது. ஒரே நாளில் எடுத்த மாதிரியில் பழைய கி-3இல் பென்சீன் 85, ஓரடி தள்ளிப் புதுக் கிணற்றில் 1,150. உரிமையாளர் இரண்டு எண்களையும் பார்த்தார். அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை.

தண்ணீரை மட்டும் இறைத்துச் சுத்தம் செய்யும் முறையை வேண்டாம் என்றோம். மணலில் பூசிய எண்ணெய் ஆண்டுக் கணக்கில் கரைந்துகொண்டே இருக்கும். நீர்மட்டம் இறங்கியதும் வெளிப்படும் மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சி எடுப்பது, நீர்மட்டத்துக்குக் கீழே காற்றைச் செலுத்தி அங்கே சிக்கியதைக் கிளப்புவது என்று இரண்டையும் சேர்த்து வைத்தோம். 11 மாதம் ஓடியது. வீட்டுக் கிணற்றில் இறைப்பது நின்றுபோனதால் நீரோட்டத் திசை மாறியிருக்குமோ என்று மட்டங்களை மறுபடி அளந்தோம். சிறிதளவே திரும்பியிருந்தது, கி-4 வழியிலேயேதான் இருந்தது.

விளைவு

இரண்டு ஆண்டு, காலாண்டுக்கு ஒரு சுற்று. கோடை அளவைக் கோடையோடும் மழைக்கால அளவை மழைக்காலத்தோடும் மட்டுமே ஒப்பிட்டோம். பின்சுவரருகே புதுக் கிணற்றில் 1,150 என்பது முதல் ஆண்டு முடிவில் 64 ஆகி, இரண்டாம் ஆண்டு முடிவில் 8க்கு வந்தது. வீட்டுக் கிணற்றில் கடைசி நான்கு சுற்றும் 1 மைக்ரோகிராமுக்குக் கீழ். கசிந்த இடத்தருகே இன்னும் 140 இருக்கிறது, குறைந்துகொண்டு வருகிறது; அங்கே ஆண்டுக்கு இரண்டு முறை தொடர்கிறோம். முடிப்பறிக்கை இன்னும் எழுதவில்லை.

பெரியம்மா செடிகளுக்கு மறுபடி கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறார். காலையில் மூடியைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பார்க்கிறார். எண்களைக் காட்டி இனி அது வேண்டியதில்லை என்று சொல்லப் போனேன். "இருக்கட்டும் தம்பி" என்றார். சரி என்றேன்.

மாற்றிக்கொண்டவை

கிணறு போடும் முன் பக்கத்துக் கிணறுகளில் ஆண்டின் உச்ச மட்டமும் அடிமட்டமும் எவ்வளவு என்று அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்கிறேன். ஸ்லாட் அந்த இரண்டையும் தாண்டி மேலும் கீழும் போக வேண்டும். மேலே அடைப்புக்கு இடம் போதாவிட்டால் மேடையை உயர்த்தலாம், ஸ்லாட்டைக் குறைப்பதில்லை. ஸ்டாக் வித்தியாசத்தை டேங்குவாரியாக மாதம் ஒரு முறை கூட்டி, விற்பனைக்குப் பக்கத்தில் எழுதும்படி மேலாளரிடம் சொன்னேன். அவர் அதைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். டிஸ்பென்சர்களுக்கு அடியில் பிடிதொட்டி வந்துவிட்டது.

எங்கள் களத்தாளில் நீர்மட்டம் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு கட்டம் இருக்கிறது: ஸ்லாட் மேல்விளிம்பு. அந்த இளைஞர் சேர்த்தது. நீர்மட்டம் அதைத் தாண்டினால் அந்த வரியை அவர் சிவப்பு மையில் எழுதுவார். அந்தச் சுற்றில் அந்தக் கிணற்றின் எண்ணை அறிக்கையில் சேர்ப்பதில்லை.